கல்லூரி மாணவரும் உதைபந்தாட்டமும்

(பொகவந்தலாவையில் நடைபெற்ற எமது சங்கத்தின் ஆண்டு விழாவில், பல்கலைக்கழக மாணவரான அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



சமயச் சொற்பொழிவும் நாடகமும் நிறைந்த இந்த மேடையில் பந்தைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அதற்கொரு காரணம் உண்டு.

நிர்வாக சபையின் சென்ற கூட்டத்திலே, விளையாட்டுப் பகுதிக்கு ஒரு புதிய பந்தும் 11 சோடிச் சப்பாத்தும் வாங்கப் பணம் ஒதுக்கவேண்டும் என்று நாம் ஒரு பிரேரணை கொண்டுவந்தோம். அப்பொழுது சபையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பிமாரே, தேவாரம் படிக்கவும் திருவிழாவுக்குத் தொண்டு செய்யவும் ஏற்பட்ட சங்கம் இது. அந்தக் காசுக்கு எத்தனை பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கலாம் என்று கணக்குப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நாம் கணக்குப் பார்த்திருக்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நாமும் கோபமாகப் பதில் சொல்லியிருப்போம். அவரோ மெதுவாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் அவர்கள் பிரேரணையை ஒத்திவைத்து, "ஆண்டு விழாவிலே பதிலோடு வாருங்கள்" என்றார். அந்தப் பதிலைத் தேடிச் சில மாதங்கள் நூலகத்திலே உட்கார்ந்ததன் பயனே இவ்வுரை.

உதைபந்தாட்டம் என்று இன்று நாம் சொல்லும் ஆட்டத்துக்கும் றக்பி என்னும் ஆட்டத்துக்கும் முன்னொரு காலத்திலே பெயர் ஒன்றுதான். 1863ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய சிலர் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதை விலக்கி விதிகள் வகுத்தனர். ஏந்தி ஓடுவதே வீரம் என்று கருதியவர்கள் 1871இல் தமக்கென வேறு சங்கம் கண்டனர். அமெரிக்காவிலே ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரி மாணவரும் 1869 நவம்பர் 6ஆந் திகதி பக்கத்துக்கு 25 பேராக நின்று மோதினர். முதல் ஆட்டம் 6க்கு 4 என ரட்கர்ஸுக்கு. அடுத்த வாரம் 8க்கு 0 எனப் பிரின்ஸ்டனுக்கு. மூன்றாவது ஆட்டம் நடக்கவேயில்லை. படிப்புக் கெடும் என்று ஆசிரியர்கள் தடுத்துவிட்டார்கள் என்று சொல்லுவர். ஆகவே எமது பெரியவர் தனித்தவர் அல்லர். இந்த ஆட்டம் பிறந்த நாள் தொட்டே அதைத் தடுக்கும் பெரியவர்களும் உடன் பிறந்திருக்கிறார்கள்.

இனி எமது மலைநாட்டுக்கு வருவோம். இங்கே பொகவந்தலாவை சென் மேரிஸ் ஆலயத்துக் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையார் உறங்குகிறார் என்பதை நம்மவர் பலர் அறிவர். புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற அவர் 1879 ஜனவரியிலே காலமானார். அதே 1879இல் கொழும்பிலே வெள்ளையர் தமக்கென உதைபந்துச் சங்கம் அமைத்து றக்பி ஆடத் தொடங்கினார்கள். பின்னர் மலைநாட்டுத் துரைமாரும் அந்த ஆட்டத்தில் இறங்கினர். டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கட் சங்கத்தின் மைதானம் தரவளையிலே இன்றும் பச்சைப் பட்டாக விரிந்து கிடப்பதை ஹட்டனுக்குப் பஸ் வண்டியில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். எமது பாட்டனார் காலத்திலே துரைமார் ஆடும்போது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருந்தது. தேயிலைக்குள் விழுந்த பந்தை எடுத்துக் கொடுப்பது! எந்தத் தோட்டம், எந்தத் துரை என்பது இன்று வேண்டாத பேச்சு. பந்தைக் கையால் தொட்டவர்கள் அதைக் காலால் தொட இரண்டு தலைமுறை ஆயிற்று என்பதை மட்டும் சொல்லி வைப்போம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தப் பந்தைக் கொடுத்தவர் கண்டியிலே பிறந்த பறங்கியரான லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற ஆசிரியர். திரித்துவக் கல்லூரியிலே படித்து, லாகூரிலே கற்பித்துவிட்டுத் திரும்பி வந்து, 1891 மே 4ஆந் திகதி 11 மாணவரோடு கண்டியில் ஒரு பாடசாலை தொடங்கினார். அதுவே பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரி என்று பெயர் பெற்றது. 11 பேர் என்பது உதைபந்துக்குச் சரியான தொகை. றக்பிக்கு 4 பேர் குறைவு! ஆனால் பிளேஸ் அவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது றக்பிப் பந்தைத்தான். இலங்கைப் பாடசாலைகளில் அந்த ஆட்டம் அங்கேதான் தொடங்கியது.

இவ்விடத்திலே எம்மை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. கிங்ஸ்வூட் அணி வேறொரு பாடசாலையை எதிர்த்து ஆடியது 1906ஆம் ஆண்டிலேதான். எதிரணி, பிளேஸ் அவர்கள் படித்த அதே திரித்துவக் கல்லூரி. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றக்பி ஆட்டம் அதுவே. வெற்றி தோல்வியின்றி அது முடிந்தது. 1891 முதல் 1906 வரை 15 ஆண்டுகள்! முதலில் சேர்ந்த பிள்ளைகள் அதற்குள் பெரியவர்களாகிப் பிள்ளை குட்டி பெற்றிருப்பார்கள். எதிர்த்து ஆடப் பக்கத்துப் பாடசாலை ஒன்று இல்லாத காலத்திலே தமக்குள்ளேயே இரு பக்கமாகப் பிரிந்து ஆடி, ஆட்டத்தை அணைய விடாமல் காத்த அந்தப் பிள்ளைகளை நாம் நினைத்துப் பார்த்தோம். எமது சங்க அணியும் வருடத்தில் முக்காற்பங்கு நாள் மேல் பிரிவும் கீழ்ப் பிரிவும் என்று தனக்குத்தானே ஆடுகிற அணிதானே.

அதே 1891ஆம் ஆண்டிலே, வடக்கே காஷ்மீரத்தில் வேறொரு காட்சி. ஸ்ரீநகரிலே மிஷன் பாடசாலை நடத்திய டின்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் ஒரு பந்தைக் கொண்டுவந்து மாணவர் முன்னே வைத்தார். மாணவரில் மிகப் பலர் பிராமணப் பிள்ளைகள். "இது எதனால் செய்தது?" என்று அவர்கள் கேட்டார்கள். தோல் என்றதும் தீட்டு என்று விலகினார்கள். பாதிரியார் விடவில்லை. ஆசிரியர்களைக் கம்புடன் சுற்றி நிறுத்தி, பிள்ளைகளை உதைக்க வைத்தார். ஒரு பையனின் முகத்திலே பந்து பட்டுவிட்டது. தோல் முகத்தில் பட்டதே என்று அவன் பதைக்க, வாய்க்காலில் கழுவிக்கொண்டு வா என்று அனுப்பினார். அவனும் கழுவிக்கொண்டு வந்தான், ஆட்டம் தொடர்ந்தது.

மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள் என்ற முறையில் இதைப் பற்றி எமது அபிப்பிராயத்தைச் சொல்ல எமக்கு உரிமை உண்டு. கம்பைக் காட்டி விளையாட வைப்பதை நாம் மெச்சமாட்டோம். விருப்பமில்லாதவனை அடித்து ஆடவிடுவது விளையாட்டாகாது. அதற்காக, தோல் தீட்டு என்ற பேச்சையும் நாம் ஒப்பமாட்டோம். எமது மாரியம்மன் கோவில் திருவிழாவிலே தவில் முழங்காமல் சாமி புறப்படுமா? தப்பு அடிக்காமல் காமன் கூத்து நடக்குமா? தவிலும் மத்தளமும் தப்பும் எதனால் ஆனவை? அம்மன் சந்நிதியில் ஒலிக்கத் தகுந்த தோல் எங்கள் காலிலே படத் தகாததா? இதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தோலைத் தொட்டவரைத் தள்ளி வைத்துவிட்டுத் தோலின் ஓசையை மட்டும் வாங்கிக்கொண்ட சமூகம் எமது சமூகம். மைதானத்திலே அந்தப் பிரிவு நிற்காது. உயர்ந்தவன் உதைத்த பந்தைத்தான் மற்றவனும் உதைக்கவேண்டும்.

சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆந் திகதி கொழும்பிலே வந்திறங்கி, கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றதை நம்மவர் பெருமையோடு சொல்லுவர். அடுத்த மாதம் சென்னையிலே பேசும்போது அவர் வாலிபர்களைப் பார்த்து, கீதை படிப்பதைக் காட்டிலும் உதைபந்தாடுவதால் சுவர்க்கத்துக்கு இன்னும் கிட்டப் போகலாம் என்ற கருத்தைச் சொன்னார். கீதையை வேண்டாமென்று சொன்னவர் அல்லர் அவர். உடலிலே பலம் ஏறினால் கீதை நன்றாகவே விளங்கும் என்பது அவர் எண்ணம். அவர் படித்ததும் மிஷனரிமார் கல்லூரியிலேதான். கல்கத்தாவிலே ஸ்கொட்லாந்துப் பாதிரிமார் நடத்திய அக்கல்லூரி, பிற்காலத்தில் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரைச் சற்று ஞாபகத்தில் வைத்திருங்கள்.

கல்கத்தாவிலே 1877ஆம் ஆண்டளவில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், வெள்ளைச் சிப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்த பந்து தன் பக்கம் உருண்டு வர, அதை உதைத்துத் திருப்பி அனுப்பினான் என்றும், அதிலிருந்து அவன் படித்த ஹேர் பாடசாலையில் ஆட்டம் தொடங்கியது என்றும் சொல்லுவர். பிறகு கல்லூரிக்குக் கல்லூரி அணி பிறந்தது. 1889இல் மோகன் பாகன் சங்கம் எழுந்தது. அதன் முதலாண்டு விழாவுக்கு வந்த பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ரோ என்பவர், தூண்டிலும் துப்பாக்கியும் பிடியாத சங்கத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று சொல்லிப் பெயரைக்கூட மாற்ற வைத்தாராம். எங்கே போனாலும் ஆண்டு விழாவுக்கு வருபவர் ஏதாவது ஒன்றைத் திருத்திவிட்டுத்தான் போவார்!

இந்தச் சங்கம் 1911 ஜூலையில் கண்ட பருவமே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. அது கல்லூரி அணி அன்று. ஆனால் அதிலே கல்லூரியின் வாசனை நிறைய உண்டு. முன்னணியில் நடுவே ஆடிய அபிலாஷ் கோஷ் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி மாணவர். ராஜேன் சென்குப்தாவும் அக்கல்லூரியைச் சேர்ந்தவரே. பின்னணியில் நின்ற சுதீர் சட்டர்ஜி, இலண்டன் மிஷன் கல்லூரியின் ஆசிரியர், கிறிஸ்தவர், பின்னாளில் பாதிரியார். மற்ற 10 பேரும் இந்துக்கள். அந்த 10 பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். சட்டர்ஜி ஒருவரே சப்பாத்து அணிந்தவர். மிஷன் பள்ளியிலே படித்துவிட்டு இந்து வாலிபர் சங்கத்திலே பேச வந்திருக்கும் எமக்கு, அந்த அணியின் படத்தைப் பார்க்கும்போது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான அந்தப் போட்டியிலே மூன்று வாரத்துக்குள் 6 ஆட்டம். முதலிலே சென் சேவியர்ஸ் கல்லூரியை 3க்கு 0 என வென்றனர். அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2க்கு 1. பிறகு ரைபிள் பிரிகேட் என்ற பட்டாள அணியை ஒரே கோலினால். அரையிறுதியிலே மிடில்செக்ஸ் பட்டாளம். அவர்களுடைய பந்து காப்பாளர் பிகட் என்பவர் பெயர் பெற்ற ஆட்டக்காரர். 1க்கு 1 எனச் சமமாக முடிய, மறுபடி ஆடவேண்டியதாயிற்று. மறுமுறை 3க்கு 0. மழைக் காலத்துக் கல்கத்தாவிலே, சேற்றிலே, ஆணி வைத்த பட்டாளத்துச் சப்பாத்துகளுக்கு நடுவே வெறும் பாதத்தோடு ஓடுவது எப்படியிருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. மழையிலே வழுக்கும் மலைச் சரிவிலே கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் தாய்மார் இந்த முன்வரிசையிலே இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

1911 ஜூலை 29, சனிக்கிழமை, இறுதியாட்டம். எதிரணி கிழக்கு யோர்க்‌ஷயர் பட்டாளம். வங்காளத்தின் பல மூலைகளிலிருந்தும் புகையிரதத்திலும் படகிலும் சனங்கள் வந்து குவிந்தனர். மைதானத்தை எட்டிப் பார்க்க முடியாத பல்லாயிரம் பேருக்குக் கோல் கணக்கைப் பட்டத்திலே எழுதி வானில் ஏற்றி அறிவித்தார்களாம். வானொலி இல்லாத காலத்து நேர்முக வர்ணனை! இடைவேளைக்குப் பின் ஜாக்சன் என்ற சார்ஜன்ட் அடித்த பந்து கோலாயிற்று. ஒரு கோல் பின்தங்கிய நிலையிலே தலைவர் சிவதாஸ் பாதுரி சமப்படுத்தினார். நேரம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். 2க்கு 1. அந்தக் கேடயத்தை இந்தியர் அணி ஒன்று வென்றது அதுவே முதல் தடவை.

1905இல் வங்காளத்தை இரண்டாக வெட்டியிருந்த காலம் அது. அணியிலே பலர் கிழக்கு வங்காளத்தவர். ஆட்டம் மேற்கே கல்கத்தாவில். அந்த மாலையிலே எந்தப் பிரிவும் இருக்கவில்லை. முஸ்லிம் சகோதரர்களும் சேர்ந்தே கொண்டாடினார்கள். அன்று மாலை ஒரு பிராமணர் கோட்டையிலே பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, "அது எப்போது இறங்கும்?" என்று கேட்டார் என்றும், "மோகன் பாகன் மறுபடி கேடயம் வெல்லும்போது" என்று பதில் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, மோகன் பாகன் அக்கேடயத்தை மறுபடி வென்ற ஆண்டு 1947.

வெறுங்காலின் புகழைப் பாடிவிட்டுச் சப்பாத்துக்குக் காசு கேட்கிறீர்களே என்று பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. இந்தியா 1948இலே இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடியபோது ஆட்டக்காரரில் பெரும்பாலோர் வெறுங்காலினர். தலைவர் தாலிமேரன் ஆவோ, நாகர் குலத்தவர், மருத்துவக் கல்லூரி மாணவர். பிரான்சிடம் 2க்கு 1 என்று தோற்றாலும் பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். ஆனால் 1952இல் ஹெல்சிங்கியிலே, குளிரிலே, பலர் வெறுங்காலோடு யூகோஸ்லாவியாவை எதிர்த்து ஆட, 10க்கு 1 என்று தோல்வி. அதன் பிறகே இந்தியாவில் சப்பாத்து கட்டாயமாயிற்று. 1956இல் மெல்பேர்னிலே சப்பாத்தணிந்த இந்திய அணி அவுஸ்திரேலியாவை 4க்கு 2 என வென்று நான்காம் இடம் பெற்றது. 1911இன் வெறுங்கால் அவர்களிடம் இருந்தது. சப்பாத்து இல்லாததே பெருமை என்று நாம் 100 ஆண்டு கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தால், வறுமையையே பெருமையாக்கி எங்களைத் திருப்திப்படுத்த நினைப்பவர்களுக்கு அது வசதியாய்ப் போய்விடும்.

1948 என்றதும் இன்னொன்றும் நினைவு வருகிறது. தாலிமேரன் ஆவோவின் அணி இலண்டனிலே ஆடிய அதே ஆண்டில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலே எமது பாட்டன் பாட்டிமாரின் வாக்குரிமையும் போயிற்று. அணி என்றால் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். பட்டியலிலே பெயர் இல்லாதவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. கிங்ஸ்வூட் பிள்ளைகள் எதிரணிக்காக 15 ஆண்டு காத்திருந்தார்கள். எமது சனங்கள் காத்திருந்தது 55 ஆண்டு.

எமது அணியின் சென்ற வருடக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வெளியூர் அணிகளோடு 4 ஆட்டம். ஒன்றிலே வெற்றி, ஒன்று சமம், ஒன்றிலே தோல்வி. நான்காவதை ஆடவேயில்லை. காலை 5 மணிக்குப் பனியிலே லொறி ஏறிப் போய்ச் சேர்ந்தபின், சப்பாத்து இல்லாத அணிக்கு இடமில்லை என்றார்கள். எங்கே என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது அவர்களுடைய விதி, விதியை முன்னமே விசாரியாதது எங்கள் தவறு. திரும்பி வரும்போது லொறியிலே யாரும் பேசவில்லை. எங்கள் பந்து காப்பாளனுக்கு 17 வயது. கெஹெல்கமு ஓயாப் பக்கம் உருண்டு போகும் பந்தை எத்தனை தடவை பாய்ந்து பிடித்தவன்! அடுத்த வாரமே கொழும்பிலே கடை வேலைக்குப் போய்விட்டான். அந்த ஆட்டம் நடந்திருந்தாலும் அவன் போயிருப்பான். வீட்டு நிலைமை அப்படி. ஆனாலும் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போயிருப்பான் அல்லவா என்ற எண்ணம் எங்களை விட்டபாடில்லை.

பெரியவர் கேட்ட கணக்கை இப்பொழுது பார்த்துவிட்டோம். கொப்பிக்கு வைத்திருக்கும் காசைத் தொடக்கூடாது என்பதிலே அவர் சொன்னதே சரி. ஆகையால் எமது பிரேரணையை நாமே திருத்திக்கொள்கிறோம். பந்தை மட்டும் சங்கம் வாங்கித் தரட்டும். சப்பாத்துக்கான காசை, தீபாவளிக்கு முன் ஒரு நாடகம் போட்டு நாமே சேர்ப்போம். சப்பாத்துகள் யாருக்கும் சொந்தமல்ல. சங்கத்து அலுமாரியிலே இருக்கும். ஆட்டத்தன்று எடுத்து, முடிந்ததும் சேறு கழுவித் திருப்பி வைக்கவேண்டும். அலுமாரித் திறப்பை அந்தப் பெரியவரே வைத்திருக்கவேண்டும் என்பதும் எமது வேண்டுகோள். மறுக்கமாட்டார் என்று நம்புகிறோம், முன்வரிசையிலே சிரித்துக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டுப் பகுதி அங்கத்தவர்களுக்கு ஓர் அறிவித்தல். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குச் சங்க மண்டபத்திலே பாத அளவு எடுக்கப்படும். கொழும்புக்குப் போன பந்து காப்பாளனின் அளவை அவனுடைய தம்பி நூலிலே பிடித்துக்கொண்டு வருவான். அவன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். மற்றவர்கள் நேரே வரவேண்டும், அட்டைக் கடியைக் கழுவிவிட்டு வந்தால் நல்லது.